42 சென்ரிமீற்றர் ரேந்தை

வணக்கம் எல்லாருக்கும். இண்டைக்கு வேற கதையே இல்லை, ரேந்தைதான், சட்டை விளிம்பில வைக்கிற லேஸ். போன வீடியோவில பெட்டியைத் திறந்து காட்டேக்க ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருந்தனீங்கள் எண்டு கனபேர் கேட்டிருந்தியள். ஓம், அண்டைக்கு எனக்கு மனசு சரியில்லை. அஞ்சு மாசம் தேடி வாங்கின சட்டை, கையில வந்து சேர்ந்த பிறகும் போடேலாமல் கொழுவி வைச்சிருந்தன். இண்டைக்குப் போட்டுப் பார்த்திட்டன். பொறுங்கோ, யன்னலுக்குக் கிட்டப் பிடிக்கிறன். இப்ப தெரியுதோ? கீழ் விளிம்பைப் பாருங்கோ. எது யப்பான் ரேந்தை, எது எங்கட ரேந்தை? சொல்லுங்கோ பாப்பம். கடைசியில காட்டுறன்.

புதுசா வந்த ஆக்களுக்கு மட்டும் கெதியாச் சொல்லிவிடுறன். இது லொலிற்றா உடுப்பு, யப்பானில, ரோக்கியோவின்ர ஹராஜுக்கு எண்டுற இடத்தில வளர்ந்தது. இது ஜே.எஸ்.கே, அதாவது கையில்லாத சட்டை, உள்ளுக்குப் பிளவுஸ் போட்டு மேல போடுறது. கையோட வாறது ஓ.பி. இந்தச் சட்டை ஒசாகாக் கொம்பனி, இன்னசன்ற் வேர்ல்ட். கிளாசிக் வகை. வெத்திலை போட்ட உதடு காய்ஞ்சாப்போல ஒரு சிவப்பு. எனக்கு இந்த நிறந்தான் வேணுமெண்டு நிண்டதுக்குக் காரணம் இருக்கு. வட்டக்கச்சியில எங்கட ஒழுங்கையால ஒருக்காப் போய் வந்தா வெள்ளைச் சட்டை செம்மண் சட்டையா மாறிடும். ஏஞ்சலிக் பிரிட்டி எண்டுற கொம்பனியின்ர றோஸ், இளநீலம், கேக்கும் முயலும் அச்சடிச்ச பாவாடை, அதெல்லாம் பார்க்க ஆசையா இருக்கும், மற்றவை போட்டா நிண்டு பார்ப்பன். எனக்கு வேண்டாம். எனக்குப் பருத்தி வேணும், ஒரு நிறம் வேணும், நல்ல ரேந்தை வேணும். அவ்வளவுதான்.

'லொலிற்றா' எண்டுற பெயரைத் தேடிப் பார்த்திட்டு, இது அசிங்கமான உடுப்பெண்டு நினைச்சு எனக்குப் புத்திமதி எழுதின ரெண்டு பேருக்கும் ஒண்டு சொல்லோணும். இந்த உடுப்பு முழங்காலை மூடும், கழுத்தை மூடும், உள்ளுக்கு முழங்கால் வரைக்கும் காற்சட்டை வேற போடுறது. பேபி எண்டுற கொம்பனி 1988இல இருந்து இதைத் தைக்குது. வளர்ந்த பொம்பிளையள் தங்கட ஆசைக்கு, தங்கட காசில வாங்கிப் போடுறது. இதுக்கு மேல நான் இதைப்பற்றிக் கதைக்கேல்ல.

சரி, வாங்கின கதை. புதுசு வாங்கிறதெண்டா 25,000 யென்னுக்கு மேல போகும். என்ர சம்பளம் உங்களுக்குத் தெரியும். அதால பழசுதான். யப்பானில பழசு எண்டா நாங்கள் நினைக்கிற பழசில்லை, ஒருக்காப் போட்டு மடிச்சு வைச்சதா இருக்கும். குளோசெற் சைல்ட், வுண்டர்வெல்ற் எண்டு இதுக்கெண்டே பழசு விக்கிற கடையள் இருக்கு. ஆனா மலிவு மெர்காரி எண்டுற தளத்தில ஆக்கள் நேர விக்கேக்கதான். அவை இலங்கைக்கு அனுப்பமாட்டினம். இடையில ஒரு முகவர் வாங்கி, தன்ர களஞ்சியத்தில வைச்சு, பிறகு எங்களுக்கு அனுப்புவார்.

தேடேக்க இங்கிலிசில மட்டும் அடிச்சா கனக்க விடுபட்டுப் போகும். கொம்பனிப் பெயரை யப்பான் எழுத்திலயும் கொப்பி பண்ணிப் போடுங்கோ. மூண்டு சொல்லைக் கட்டாயம் பழகுங்கோ. 'கித்தகே' எண்டா நீளம். 'ஹிராஒகி' எண்டா சட்டையைத் தட்டையாப் பரப்பி அளந்தது. அப்ப நெஞ்சளவு 44 எண்டு போட்டிருந்தா அதை ரெண்டால பெருக்கோணும், 88. போன வருசம் தங்கச்சி ஒராள் 44ஐப் பார்த்துப் பயந்து நல்ல சட்டை ஒண்டை விட்டிட்டா, அதை நினைச்சா எனக்கு இப்பவும் கவலை. மூண்டாவது சொல் 'நன்-அரி'. குறை இருக்கு எண்டு அர்த்தம். கனபேர் இந்தச் சொல்லைக் கண்டா ஓடிடுவினம். நான் இந்தச் சொல்லைத்தான் தேடுவன். காமென்ற்ஸில தரம் பார்க்கிற வேலை செய்யிற எனக்கு, குறை எண்டா எது தைச்சா சரிவரும், எது சரிவராது எண்டு படத்திலயே தெரியும். துணி நைஞ்சிருந்தா விடோணும். அக்குளில நிறம் மாறியிருந்தா விடோணும். ரேந்தை கிழிஞ்சிருந்தா வாங்கலாம். அப்பிடித்தான் நினைச்சு வாங்கினன்.

செலவுக் கொப்பியை எடுக்கிறன். சட்டை 7,800 யென். யப்பானுக்குள்ள அனுப்பின கூலி 750. முகவருக்கு 300. அங்கயிருந்து இஞ்ச விமானத் தபால் 3,150. எல்லாம் 12,000 யென். வங்கிக் காட்டால கட்டினது 24,600 ரூபா. பிறகு இஞ்ச சுங்க வரி, வற் எல்லாம் சேர்த்து 6,120. அப்ப 30,720. 2022இல டொலர் 360ஐத் தாண்டேக்க நான் இந்த ஆசையையே மூட்டை கட்டி வைச்சனான், பழைய ஆக்களுக்கு அந்த வீடியோ ஞாபகம் இருக்கும். அதால 30,720 எனக்குப் பெருங்காசெண்டாலும் நோகேல்ல.

நொந்தது ரேந்தையில.

சட்டை வந்த உடன நான் என்ன செய்வன் எண்டு உங்களுக்குத் தெரியும், உட்பக்கத்தை வெளியில திருப்பிப் போடுவன். தையல் எல்லாம் கண்ணில ஒத்திற மாதிரி. முதுகில எலாஸ்ரிக் நூலால சுருக்கின ஷிரிங், ஒரு இடத்திலயும் அறேல்ல. நெஞ்சில பின்ரக் எண்டுற மெல்லிய மடிப்புப் பத்து, ஒவ்வொண்டுக்கும் இடையில ஒரே இடைவெளி, அடிமட்டம் வைச்சுப் பார்த்தனான். கீழ் விளிம்பில பின் பக்கம், இடப்பக்க மூட்டுக்குக் கிட்ட, ரேந்தை 38 சென்ரிமீற்றருக்குக் கிழிஞ்சு தொங்குது. படத்தில கைமுட்டியளவு தெரிஞ்சது, வந்தது முழங்கை நீளம். விக்கிறவவைக் குறை சொல்லேலாது, நன்-அரி எண்டு போட்டுத்தான் வித்தவ.

அது ரோர்ஷன் ரேந்தை. தடிச்ச பருத்தி நூல், விளிம்பில விசிறி விரிச்ச மாதிரி வளைவு, அகலம் மூண்டரை சென்ரிமீற்றர். நிறம் வெள்ளையில்லை, தந்தம். 'ரேந்தை தானே, எங்கயும் கிடைக்கும்' எண்டு அம்மா சொன்னா. நானும் அப்பிடித்தான் நினைச்சன். கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் நாலு கடை. நாலிலயும் மினுங்கிற ரேந்தை. தொட்டா விரல் வழுக்குது. நான் எத்தினை தரம் இந்தச் சனலில சொல்லியிருப்பன், மினுங்கிற ரேந்தை எனக்குப் பிடிக்காது எண்டு! நல்ல சட்டையை ஒரு நிமிசத்தில கெடுக்கும் அது. ஒரு கடையில 'இது பருத்தி பிள்ளை' எண்டு சத்தியம் பண்ணித் தந்தது 180 ரூபா. வீட்ட கொண்டுவந்து ஒரு நுனியை நெருப்பில காட்டினன். பருத்தியெண்டா கடதாசி மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். இது உருகி உருண்டு குண்டுமணி மாதிரி நிண்டுது. பருத்தியே இல்லை, பொலியெஸ்ரர் மாதிரி ஒரு செயற்கை நூல். புதுக்குடியிருப்பில 240 ரூபாக்கு வாங்கினதும் உருகிச்சுது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏ9ஆல பஸ் ஏறி வவுனியா. அங்க 350 ரூபாக்கு வாங்கினது பாதிதான் பருத்தி, நெருப்பு வைக்கப் பாதி சாம்பல், பாதி குண்டு. அதை எடுத்துக்கொண்டு மாங்குளம் தாண்டி வரேக்க எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டுது. மெய்யாத்தான் சொல்லுறன். பஸ்ஸில பக்கத்தில இருந்த ஆச்சி ஆரோ செத்துப்போச்சினம் எண்டு நினைச்சு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவ.

ஆ, ஒண்டை விட்டிட்டன். இதுக்கிடையில ஒருத்தர் எழுதியிருந்தார், முழு ரேந்தையையும் கழட்டிப்போட்டு வேற ஒண்டை வைச்சுத் தைக்கலாமே எண்டு. ஏலாது! அந்த ரேந்தை அந்தச் சட்டைக்கெண்டு தெரிஞ்செடுத்தது. கிழியாத பக்கம் ரெண்டு மீற்றருக்கு மேல நல்லா இருக்கு. அதை நான் ஏன் கழட்டோணும்?

பிறகுதான் என்ர மச்சாள். கொக்கலவில காமென்ற்ஸில இருக்கிறா எண்டு முந்தி ஒரு வீடியோவில சொன்னனான். அவவுக்குப் படம் அனுப்பினன், சும்மா புலம்பத்தான். அவ கேட்டா, 'மச்சாள், இது பீரளு இல்லையோ?' அவவோட வேலை செய்யிற பிள்ளையின்ர அம்மா வெலிகமவில பீரளு ரேந்தை பின்னுறவவாம். காலிப் பக்கம், மாத்தறைப் பக்கம் இது பழைய தொழில். ஒரு தலையணையில வரைஞ்ச கடதாசியைக் குத்தி, ஊசியளுக்கிடையால மரக்குச்சியில சுத்தின நூலை மாறி மாறிப் போட்டுப் பின்னுறது. அந்தக் குச்சிதான் பீரளு. போர்த்துக்கேயரோட வந்த வேலை. ரேந்தை எண்டு நாங்கள் சொல்லுற சொல்லும் அவையின்ரதான். ரோர்ஷனும் இதே குச்சி வேலைதான், சட்டையில இருக்கிறது அதை மிசினில செய்தது. விசிறி விளிம்பு இதிலயும் இருக்கு, அதிலயும் இருக்கு!

ஒண்டரை மீற்றர், மீற்றர் 900, அப்ப 1,350 ரூபா. தபாலில வந்த உடன நுனியைக் கொழுத்தினன். சாம்பல். விரலால தேய்க்கப் பறந்து போச்சு. குசினிக்குள்ள நிண்டு துள்ளினன்.

ஆனா நிறம் வெள்ளை. வெள்ளை வெளேரெண்டு. அதுக்குத்தான் பிளேன்ரீ. முதல்ல ரேந்தையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி கஞ்சியை எடுக்கோணும், இல்லாட்டி திட்டுத் திட்டாப் பிடிக்கும். ரெண்டு மேசைக்கரண்டி தேயிலை, ஒரு லீற்றர் கொதிதண்ணி, நல்லா வடிக்கோணும், ஒரு துகளும் நிக்கக்கூடாது. சின்னத் துண்டு நாலு வெட்டி ஒரு நிமிசம், ரெண்டு, நாலு, ஆறு எண்டு போட்டுப் பார்த்தன். ஈரத்தில கடும் நிறமாத் தெரியும், காயவிட்டுத்தான் பார்க்கோணும். ரெண்டு நிமிசத் துண்டு சட்டைக்குப் பக்கத்தில வைக்கச் சரியா அதே நிறம். பொலியெஸ்ரர் எண்டா தேத்தண்ணிக்குள்ள ராத்திரி முழுக்கக் கிடந்தாலும் உப்பிடி ஏறாது. அந்த நாலு துண்டையும் கொப்பியில ஒட்டி வைச்சிருக்கிறன், இந்தா பாருங்கோ.

தைச்சது நானில்லை. என்ர கையை இந்தச் சட்டையில நான் நம்பேல்ல. எங்கட பக்கத்தில புதுநன்மைச் சட்டை தைக்கிற அன்ரி இருக்கிறா. என்ர வட்டக்கொலர் பிளவுசும் அவ தைச்சதுதான். சட்டையை விரிச்சு வைச்சு, கண்ணாடியைப் போட்டு, ஒண்டும் பேசாமல் பின்ரக்கைத் தடவிக்கொண்டு இருந்தா. பிறகு கேட்டா, 'இது ஆற்ற பிள்ளைக்கு, பிள்ளை?' 'எனக்குத்தான் அன்ரி.' 'நல்ல கை. தைச்சவள் ஆரோ, அவசரப்படாமல் தைச்சிருக்கிறாள்.' அதுக்குப் பிறகு அவதான் சொன்னா, 38இல வெட்டினா பொருத்து நடுவில தெரியும், 42க்கு வெட்டி ஒரு நுனியை மூட்டுத் தையலுக்குள்ள விடுவம் எண்டு. மற்ற நுனியை விசிறிக்கு மேல விசிறி வைச்சுக் கையால பிடிச்சா. 600 ரூபா. கூடத் தரப்போக வாங்கமாட்டன் எண்டிட்டா.

அப்ப மொத்தம்: 30,720, உருகின ரேந்தை மூண்டும் 770, பீரளு 1,350, அன்ரிக்கு 600. 33,440. பொறுங்கோ, நூல் 120. தந்த நிற நூல் தேடி வேற கடைக்குப் போனனான். 33,560. வவுனியா பஸ் காசை நான் சேர்க்கேல்ல, அது என்ர பிழைக்கு.

இப்ப காட்டுறன். இந்தா, என்ர சின்னவிரல் நிக்கிற இடத்தில இருந்து... இந்த மூட்டு வரைக்கும். இதுதான் வெலிகம. மிச்சம் யப்பான். கிட்டப் பார்த்தா எங்கடதில நூல் கொஞ்சம் உயிரோட இருக்கு, மிசின் ரேந்தை தட்டை. எனக்கு இந்த 42 சென்ரிமீற்றர்தான் இப்ப சட்டையிலயே பிடிச்ச இடம். போட்டா அது பின்னுக்குப் போயிடும் எண்டதுதான் கவலை.

பெற்றிக்கோட்டைப் பற்றிக் கேட்டிருந்தியள். சாறிக் கடையில விக்கிற கான்கான் வலைதான், மேலடுக்கு ரெண்டு மீற்றர், நடு நாலு, கீழ எட்டு. குத்தாமல் இருக்க உள்ளுக்குப் பருத்திப் பாவாடை ஒண்டு. அதுக்குத் தனி வீடியோ போடுறன். ஸ்கூட்டியில அதைப் போட்டுக்கொண்டு போகேலாது, ஓட்டோவெண்டாச் சரி.

அடுத்தது ஒரு உதவி. இடுப்பு நாடா ரெண்டும் பொத்தானில கொழுவிறது, அதில ஒண்டைக் காணேல்ல. சிப்பிப் பொத்தான், நாலு ஓட்டை, 18 லைன், அதாவது பதினொண்டரை மில்லிமீற்றர் வரும். பிளாஸ்ரிக் வேண்டாம். அம்மம்மாவின்ர பழைய பிளவுஸ், சேட்டு எதிலயெண்டாலும் இருந்தா கீழ எழுதுங்கோ, நான் காசும் தபால் கூலியும் தாறன். ஒண்டு காணும். ரெண்டு இருந்தாலும் எடுப்பன்.