ஞானஸ்நானத் தண்ணீரும் திரித்துவச் சண்டையும்

(மட்டக்களப்பு நகரில் மறையாசிரியர்களுக்கும் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சுவாமிமாரே, போதகர்மாரே, மறையாசிரியர்களே, ஞாயிறு பாடசாலை நடத்துகிற அக்காமாரே, தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தைப் பற்றிய பேச்சு நம் வீடுகளுக்குள் புத்தகத்தோடு வருவது குறைவு. பெரும்பாலும் கலியாணத்தோடுதான் வருகிறது. தாண்டவன்வெளியில் ஒரு கத்தோலிக்கப் பெண், கல்முனைப் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே சபைப் பையன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் வேதக்காரர்தானே என்று வீடு வளவு எல்லாம் பேசி முடித்தாயிற்று. பங்குத்தந்தை பையனுடைய ஞானஸ்நான அத்தாட்சியைக் கேட்கிறார். அதில் "இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே" என்று மட்டும் இருக்கிறது. பிதாவும் இல்லை, பரிசுத்த ஆவியும் இல்லை. கத்தோலிக்கச் சட்டப்படி அந்தப் பையன் ஞானஸ்நானமே பெறாதவன். பையனுடைய பாஸ்டரைக் கேட்டால் அந்தப் பெண்தான் ஞானஸ்நானம் பெறாதவள் என்பார்: சொன்ன வார்த்தையும் பிழை, தலையில் ஊற்றிய தண்ணீரும் போதாது. இரண்டு பேரும் வேதாகமத்தைத் திறந்து காட்டித்தான் பேசுவார்கள்.

மூன்று எப்படி ஒன்றாகும் என்ற கணக்கில்தான் கிறிஸ்தவர்கள் பிரிந்து நிற்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஞானஸ்நானத்தில் யாருடைய பெயரைச் சொல்வது, செபத்தில் யாரைக் கூப்பிடுவது, யாருக்கு முன் முழங்காலில் நிற்பது, இந்த இடங்களில்தான் பிளவு தொடங்கியது என்பது என் கருத்து. இன்றும் அது அங்கேயே நிற்கிறது.

முதலில் அந்தக் கலியாணத்தை ஒப்பேற்றுவோம். ஒரு ஞானஸ்நானம் செல்லுமா என்று பார்க்கும்போது கத்தோலிக்கத் திருச்சபை மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. உண்மையான தண்ணீர் உடலில் பட்டு ஓடவேண்டும். ஊற்றினாலும் சரி, முழுக்கினாலும் சரி. தண்ணீர் ஊற்றுகிற அதே ஆள், ஊற்றும்போதே, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" என்ற வார்த்தைகளைச் சொல்லவேண்டும். திருச்சபை செய்வதையே நானும் செய்கிறேன் என்ற எண்ணம் அவருக்கு இருக்கவேண்டும். இவ்வளவும் இருந்தால், கொடுத்தவர் மெதடிஸ்த போதகரா அங்கிலிக்கன் குருவா என்று பார்ப்பதில்லை. வார்த்தையில் கைவைத்தால் மட்டும் விடமாட்டார்கள். "படைத்தவர், மீட்பவர், பரிசுத்தமாக்குபவர் பெயராலே" என்று கொடுத்தது செல்லாது என்று 2008-ல் வத்திக்கான் சொன்னது. "நான் உனக்கு" என்பதற்குப் பதிலாக "நாங்கள் உனக்கு" என்று கொடுத்ததும் செல்லாது என்றது 2020-ல். மோர்மன் சபையின் ஞானஸ்நானத்தில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூன்று பெயரும் வருகின்றன. ஆனால் அந்தப் பெயர்களால் அவர்கள் குறிப்பது வேறு என்று 2001-ல் அதையும் செல்லாது என்று தீர்த்தார்கள்.

கலியாணத்தில் இதனால் வரும் வித்தியாசம் சின்னதல்ல. மற்றவர் செல்லுபடியான ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் ஆயரிடம் வாங்கவேண்டியது அனுமதி. பெறாதவர் என்றால் விதிவிலக்கு. அனுமதி வாங்காமல் நடந்த கலியாணம் ஒழுங்குமீறல், ஆனால் செல்லும். விதிவிலக்கு வாங்காமல் நடந்தால், பெரிய கோயிலில் பூசையோடு நடந்தாலும் அது செல்லாது. ஆகவே கலியாணக் காட் அடிக்கக் கொடுக்குமுன் அத்தாட்சியை வாங்கி வாசியுங்கள். அத்தாட்சியில் மூவர் பெயரும் இருந்து, குழந்தையில் கொடுத்தது போதாது என்று ஒரு சபை மறுபடி முழுக்குக் கொடுக்கக் கேட்டால், அது வேறு வழக்கு. அங்கே சண்டை வயதிலும் தண்ணீரின் அளவிலும். திரித்துவத்தை அதற்குள் இழுக்கவேண்டாம்.

சரி, இயேசு நாமத்தில் மட்டும் கொடுக்கிறவர்கள் ஏதோ அறியாமல் செய்கிறார்களா? இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்து 2:38, 8:16, 10:48, 19:5 நான்கையும் வாசியுங்கள். எங்கேயும் மூவர் பெயர் இல்லை, இயேசுவின் பெயர்தான் இருக்கிறது. மத்தேயு 28:19-ஐக் காட்டினால், அங்கே "நாமத்தினாலே" என்று ஒருமையில்தானே இருக்கிறது, மூவருக்கும் ஒரே நாமம், அந்த நாமம் இயேசு என்பார்கள். இந்த வாதம் பெந்தெகொஸ்தே இயக்கத்துக்குள் கிளம்பியது 1913-ல், லொஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் நடந்த ஒரு முகாம் கூட்டத்தில். அடுத்த ஆண்டே மறுஞானஸ்நானம் தொடங்கிவிட்டது. 1916 ஒக்டோபரில் சென் லூயிஸ் நகரில் கூடிய அசெம்பிளிஸ் ஒஃப் கோட் என்ற பெந்தெகொஸ்தே சபையின் பொதுப்பேரவை திரித்துவத்தைத் தன் விசுவாச அறிக்கையில் எழுதி வைத்தது. அன்றைக்கு 585 ஊழியர்களில் 156 பேர் வெளியேறினார்கள். ஒரே மாதிரி அந்நிய பாஷை பேசி, ஒரே மாதிரி கைதட்டிப் பாடுகிற இரண்டு சபைகள் ஒரே தெருவில் இருந்தும் ஏன் ஒன்றுக்கொன்று பேசுவதில்லை என்று கேட்கிற பிள்ளைக்கு விடை அந்த 1916-ம் ஆண்டுதான்.

இதற்கு மறுபக்கம் சொல்வதையும் கேளுங்கள். நடபடிகள் 19-ல் எபேசுவில் சிலர், பரிசுத்த ஆவி உண்டென்பதை நாங்கள் கேள்விப்படவே இல்லை என்கிறார்கள். உடனே பவுல், அப்படியானால் நீங்கள் எந்த ஞானஸ்நானம் பெற்றீர்கள் என்று கேட்கிறார். ஞானஸ்நானத்தில் ஆவியின் பெயர் வருவது வழக்கமாக இருந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. முதலாம் நூற்றாண்டின் முடிவிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட டிடாக்கே என்ற சிறு கையேடு இருக்கிறது. அதன் 7-ம் அதிகாரம் மூவர் பெயராலும் ஓடுகிற தண்ணீரில் கொடு, போதிய தண்ணீர் இல்லாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது. அதே கையேட்டின் 9-ம் அதிகாரம், அப்படிப் பெற்றவர்களை "ஆண்டவரின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்" என்கிறது. அதை எழுதியவருக்கு இரண்டும் முரணாகப் படவில்லை. வார்த்தையை மட்டும் பார்த்தால் இயேசு நாமக்காரர் பக்கம் நாம் ஒப்புக்கொள்வதைவிட நியாயம் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் போதனையில்தான் நான் அவர்களோடு உடன்படவில்லை. ஒரே கடவுள்தான் பிதாவாகவும் குமாரனாகவும் ஆவியாகவும் வெளிப்பட்டார் என்றால், கெத்செமனேயில் இயேசு செபித்தது யாரிடம்? யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து பேசியது யார்? மனுஷத்தன்மை தெய்வத்தன்மையிடம் செபித்தது என்று பதில் தருகிறார்கள். தன்மையிடம் தன்மை கதைப்பது எப்படி என்று அடுத்த கேள்வி வரும்.

இதுவும் பழைய வழக்கு. மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் சபேலியு இப்படித்தான் போதித்தார், சபையிலிருந்து நீக்கப்பட்டார். அதே கருத்தைப் போதித்த பிரக்சேயாவுக்கு எதிராக 213 அளவில் எழுதிய ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், இந்த மனுஷன் ஆவியானவரைத் துரத்திவிட்டுப் பிதாவைச் சிலுவையில் அறைந்துவிட்டான் என்று நக்கலடித்தார்.

ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் கோபிக்கக்கூடாது. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அது சுத்தமான சபேலியுவின் போதனை. ஒரே தண்ணீர் ஒரு நேரத்தில் ஒரு வடிவத்தில் இருக்கிறது, ஒன்றானதும் மற்றது இல்லை. அந்த உவமையோடு வளர்கிற பிள்ளை, பின்னால் இயேசு நாமத்தில் மட்டும் கொடுக்கிற ஏகத்துவ பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் அங்கே புதிதாகப் படிக்க ஒன்றும் இருக்காது. உவமையே சொல்லாமல், மூவரும் ஒரே நேரத்தில் வருகிற யோர்தான் காட்சியை வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது படலையில் வந்து நிற்கும் யெகோவாவின் சாட்சிகளுக்கு வருவோம். இவர்களுடைய பிழை, பிழை என்று நாம் சொல்வது, நேர் எதிர்ப்பக்கத்தில். இயேசு வேறு ஆள், பிதா வேறு ஆள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. இயேசு முதலாவது படைக்கப்பட்டவர், ஆவி என்பது கடவுளுடைய செயல்படும் சக்தி என்பது அவர்கள் போதனை. இதன் வேர் அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுவிடம் இருக்கிறது. நீதிமொழிகள் 8:22, கொலோசெயர் 1:15, "பிதா என்னிலும் பெரியவர்" என்ற யோவான் 14:28, இவைதான் இரண்டு பேருடைய ஆயுதமும். ஆரியு மூடனும் அல்ல, துரோகியும் அல்ல. ஒரே கடவுளின் மேன்மையைக் காக்கப் பார்த்தவர். 325-ல் நீசேயாவில் கூடிய ஆயர்கள் குமாரன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டார்கள். கையெழுத்து வைக்க மறுத்த ஆயர்கள் கடைசியில் இரண்டே பேர்.

அதோடு முடிந்தது என்று பல பாடப்புத்தகங்கள் அடுத்த பக்கம் புரட்டிவிடுகின்றன. உண்மையில் சண்டை அப்போதுதான் சூடு பிடித்தது. நீசேயாவைக் கூட்டிய கொன்ஸ்தந்தீன் மன்னனே 337-ல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியுவின் ஆதரவாளரான நிக்கோமேதியா ஆயர் எவுசேபியு கையால். நீசேயாவுக்காக நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு ஐந்து தரம் நாடு கடத்தப்பட்டார். ஆரியுவின் ஆட்களுக்கு அவர் வைத்த வலிமையான வாதங்களில் ஒன்று கணக்கு அல்ல, வழிபாடு: நீங்களும் குமாரனை வணங்குகிறீர்கள், குமாரன் பெயராலும் ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள், அவர் படைக்கப்பட்டவர் என்றால் படைப்பின் பெயரால் அல்லவா மீட்புக் கொடுக்கிறீர்கள்? இந்த இடத்தில் யெகோவாவின் சாட்சிகள் ஆரியுவின் ஆட்களைவிட நேர்மையானவர்கள் என்று சொல்வேன். அவர்கள் இயேசுவிடம் செபிப்பதில்லை. போதனையும் செபமும் அவர்களிடம் ஒத்துப்போகின்றன. அவர்களோடு பேசுவதானால் கொலோசெயர் 1:15-ஐ வைத்து அரை மணித்தியாலம் மல்லுக்கட்டாமல், ஸ்தேவான் கல்லெறிபடும்போது "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்று யாரிடம் செபித்தார் என்று நடபடிகள் 7:59-ல் தொடங்குங்கள்.

ஆவியானவரைப் பற்றிய சண்டையும் செபத்தில்தான் வெடித்தது. 374 அளவில் செசாரியாவின் ஆயர் பசிலியு, "குமாரன் வழியாக, ஆவியில் பிதாவுக்கு மகிமை" என்றும், "குமாரனோடு, ஆவியோடுகூடப் பிதாவுக்கு மகிமை" என்றும் இரண்டு மாதிரியும் செபித்தார். இரண்டாவது புதுச்சரக்கு என்று குற்றம் சாட்டினார்கள். அதற்குப் பதிலாகத்தான் தூய ஆவியாரைப் பற்றிய தன் நூலை எழுதினார். அதில் ஆவியைக் "கடவுள்" என்று நேரே சொல்லாமலே, சமமான வணக்கம் உரியது என்று நிறுவினார். 381-ல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சங்கமும் அந்த வழியிலேயே போனது: பிதாவோடும் சுதனோடும் ஒன்றாக ஆராதனையும் மகிமையும் பெறுகிறவர். செபமாலையில் பத்து மணி முடிந்து "பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும்" என்று சொல்கிறோமே, மூன்று பேருக்கும் ஒரே "உம்" போடுவது பசிலியுவின் பக்கம். பூசையில் "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று குருவானவர் கிண்ணத்தைத் தூக்கிப் பாடும்போது பழைய இரண்டு மாதிரியும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன.

இடையில் வெட்கப்படவேண்டிய ஒன்றையும் சொல்லவேண்டும். 1553 ஒக்டோபர் 27-ல் ஜெனீவாவில் மிக்கேல் செர்வேத்து என்ற வைத்தியரைத் திரித்துவத்தை மறுத்ததற்காகவும் குழந்தை ஞானஸ்நானத்தை எதிர்த்ததற்காகவும் உயிரோடு எரித்தார்கள். தீயில் நின்று, "நித்திய தேவனின் குமாரனாகிய இயேசுவே, இரங்கும்" என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். "தேவனின் நித்திய குமாரனே" என்று, நித்தியத்தைக் குமாரனுக்கும் கொடுத்து, மாற்றிச் சொல்ல அவர் கடைசிவரை மறுத்தார்.

ஆவி பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, சுதனிடமிருந்துமா என்பதில் கிழக்கும் மேற்கும் பிரிந்தன. "சுதனிடமிருந்தும்" என்ற சேர்க்கை 1014-ல் ரோமின் பூசைக்குள் வந்தது, 1054 பிளவில் அதற்கும் பங்கு உண்டு. நம் பக்கத்தில் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் மேற்கைச் சேர்ந்தவர்கள். ஆகவே இதை வைத்து மட்டக்களப்பில் யாரும் அடிபடப்போவதில்லை.

அடிபடுவது இன்னொரு வசனத்தில். பழைய தமிழ் வேதாகமத்தில் 1 யோவான் 5:7, பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூவரையும் சொல்கிறது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் அது இல்லை. இரண்டு புத்தகத்தையும் ஒரே மேசையில் வைத்தால், ஒரு பக்கம் "வேதத்தைக் கத்தரித்துவிட்டார்கள்" என்று கத்துகிறது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை. எராஸ்மு என்ற அறிஞர் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் அது கிடையாது. 1522 பதிப்பில்தான் சேர்த்தார். ஆரியுவோடு அத்தனை வருடம் சண்டை பிடித்த கிரேக்கப் பிதாக்கள் அந்த வசனத்தை ஒரு தரமேனும் எடுத்துக்காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? திரித்துவத்தை நிறுவ அந்த வசனத்தைத் தொடாதீர்கள். எதிரே இருப்பவர் விஷயம் தெரிந்தவர் என்றால், அதோடு உங்கள் மற்ற வாதங்களும் சேர்ந்து விழும்.

காத்தான்குடி முஸ்லிம் நண்பர் மூன்று கடவுளா என்று கேட்டால், 1×1×1=1 என்று சொல்லித் தப்பப் பார்க்கவேண்டாம். அந்தக் கணக்கில் ஐந்து தரம் பெருக்கினாலும் ஒன்றுதான் வரும். கடவுள் ஒருவரே என்பதில் அவரோடு நாமும் உடன்படுகிறோம், இயேசுவை வணங்கலாமா என்பதில் பிரிகிறோம் என்று நேரே சொல்லிவிடுங்கள். அவருக்கும் அது விளங்கும்.

கடைசியாகச் சபைப் பொறுப்பாளர்களிடம் ஒன்று. அத்தாட்சியில் "ஞானஸ்நானம் பெற்றார்" என்று மட்டும் எழுதி விடாதீர்கள். திகதி, இடம், கொடுத்தவர், ஊற்றியதா முழுக்கியதா, சொன்ன வார்த்தை முழுவதும், கூட நின்ற சாட்சியின் பெயர், இவ்வளவும் இருக்கட்டும். யுத்தத்திலும் 2004 கடற்கோளிலும் கடதாசி எல்லாம் இழந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அப்படிப்பட்டவர்களுக்கு, நேரில் பார்த்த, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு சாட்சி போதும்; வளர்ந்த பிறகு பெற்றவர் என்றால் அவருடைய சத்தியமே போதும். தேடியும் சந்தேகம் தீராவிட்டால் மட்டும், "நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். அதை ஊரைக் கூட்டிச் செய்வதில்லை, ஒரு மாலை நேரத்தில் சாட்சியோடு அமைதியாகச் செய்துகொள்ளலாம். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள்.