எதிரியிடம் வீட்டு மொழியில் பேசியவர்

அனைவருக்கும் வணக்கம்.

மிஷனரி, மொழிப் பேராசிரியர் என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் நமக்கு உடனே ஜி.யு. போப் நினைவுக்கு வருவார். சமயப் பணிக்கென்று வந்து, தமிழ் கற்று, கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அந்த இரண்டு சொற்களோடு 'போர்வீரர்' என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் யார் வருவார்? எனக்கு வருகிற பெயர் ஓடிஸ் கேரி. இங்கே பலருக்குப் புதிய பெயராக இருக்கலாம்.

ஒரு சின்னத் திருத்தத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் அப்படியே இருந்தன என்று சொன்னால் அது மிகை. மிஷனரிகள் அவருடைய தாத்தாவும் அப்பாவும்தான். தாத்தாவின் பெயரும் ஓடிஸ் கேரிதான். அவர் ஜப்பானில் கிறிஸ்தவத்தின் வரலாற்றை 1909இல் இரண்டு தொகுதிகளாக எழுதியவர். பேரன் பிறந்தது 1921இல், ஜப்பானின் வட கோடியில் ஹொக்கைடோ தீவில் உள்ள ஒடாரு என்ற துறைமுக ஊரில். அங்குள்ள ஜப்பானியப் பிள்ளைகளோடுதான் பள்ளிக்கூடம் போனான். போப் தமிழைப் படித்துத் தேறினார். இந்தப் பையனுக்கு ஜப்பானிய மொழி படித்து வந்ததில்லை, தெருவில் விளையாடும்போது ஒட்டிக்கொண்டது. அந்த வித்தியாசம் பின்னால் பெரிதாகப் போகிறது.

பதின்ம வயதில் அமெரிக்காவுக்குப் போனார். மாசசூசெட்ஸில் ஆமர்ஸ்ட் கல்லூரியில் படித்தார். 1941 டிசம்பரில் ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பெர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. அமெரிக்கக் கடற்படைக்கு அப்போது பெரிய தலைவலி, ஜப்பானிய மொழி தெரிந்த அதிகாரிகள் கையில் எண்ணிவிடும் அளவுக்கே இருந்தார்கள். அதற்காக ஒரு மொழிப் பள்ளி நடத்தினார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த அந்தப் பள்ளியை 1942இல் மலைகளுக்கு நடுவே கொலராடோவின் போல்டருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏன் தெரியுமா? மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை எல்லாம் அரசு வெளியேற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளியின் ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதே வம்சாவளியினர். ஒரு கை அவர்களை ஊரை விட்டு விரட்டுகிறது, இன்னொரு கை 'எங்கள் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுங்கள்' என்று கூப்பிடுகிறது. அரசாங்கங்கள் இப்படித்தான்.

அங்கே கேரிக்கு ஒரு நண்பர் கிடைத்தார், டொனால்ட் கீன். பிற்காலத்தில் ஜப்பானிய இலக்கியத்தின் பேரறிஞராகப் பெயர் வாங்கியவர். படிப்பு முடிந்து இரண்டு பேரையும் வடக்கே, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1943 மே மாதம் அட்டு தீவில் சண்டை. தீவில் இருந்த ஜப்பானியர்கள் ஏறக்குறைய 2,400 பேர். உயிரோடு பிடிபட்டவர்கள் 30 பேர்கூட இல்லை. மீதிப் பேர் சண்டையிலும் கடைசித் தாக்குதலிலும் இறந்தார்கள், அல்லது கைக்குண்டைத் தங்கள் மார்போடு அணைத்து வெடிக்கவைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஆகஸ்டில் கிஸ்கா தீவு. அமெரிக்கரும் கனடியருமாக 30,000 பேருக்கு மேல் போய் இறங்குகிறார்கள். தீவில் ஆளே இல்லை! இரண்டு வாரத்துக்கு முன்பே மூடுபனியில் ஜப்பானியர்கள் 5,000 பேரும் கப்பலேறிப் போயிருந்தார்கள். மிஞ்சியது சில நாய்களும் ஓர் அறிவிப்புப் பலகையும். பலகையைப் படிக்க மொழி அதிகாரியைக் கூப்பிட்டார்கள். கீன் வந்து படித்தார்: 'பிளேக் நோயாளிகள் கூடம்'. அவ்வளவுதான், தடுப்பு மருந்து கொண்டுவரச் சொல்லி அவசரச் செய்தி பறந்தது. போகிற போக்கில் ஜப்பானிய மருத்துவர் ஒருவர் விளையாட்டாக எழுதி வைத்துவிட்டுப் போன பலகை அது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

சரி, கேரியின் உண்மையான வேலைக்கு வருவோம். அது ஹவாயில் இருந்த கைதிகள் முகாமில்.

ஜப்பானிய வீரனுக்கு 1941இல் ஒரு நடத்தை நூல் கொடுத்திருந்தார்கள். கைதியாகி உயிர்வாழும் அவமானத்தை ஏற்காதே என்பது அதன் கட்டளைகளில் ஒன்று. பிடிபடுவது என்ற ஒன்றே கிடையாது என்று நினைத்த ராணுவம், பிடிபட்டால் என்ன பேச வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று யாருக்குச் சொல்லிக்கொடுக்கும்? அதனால் பிடிபட்டவன் தன்னைச் செத்தவனாகவே கருதினான். பொய்ப் பெயர் சொன்னவர்கள் உண்டு. 'நான் உயிரோடு இருப்பதை என் வீட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள்' என்று கெஞ்சியவர்கள் நிறையப் பேர். ஜெனீவா ஒப்பந்தப்படி வீட்டுக்குத் தெரிவிப்பது கைதிக்கு உரிமை. இவர்களுக்கு அதுவே தண்டனை.

இப்படிப்பட்ட ஒருவனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார் ஓர் அமெரிக்க அதிகாரி. வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று. வாயைத் திறந்தால் ஹொக்கைடோ தெருவில் வளர்ந்த பையனின் பேச்சு. பள்ளியில் பயின்ற அதிகாரிகள் பலர் இலக்கணம் பிசகாமல் பேசியிருப்பார்கள். ஆனால் கேலி செய்வதும், செல்லமாக அதட்டுவதும், ஊர்க்கதை பேசுவதும் பாடப்புத்தகத்தில் கிடைக்காது. கேரி அவர்களை ரகசியம் கறக்க வேண்டிய ஆட்களாக மட்டும் பார்க்கவில்லை. போர் முடிந்ததும் அந்த நாட்டை மறுபடி கட்டப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. 'செத்தவர்கள்' என்று தங்களை எழுதிவிட்டவர்களிடம் நாளையைப் பற்றிப் பேசுவது லேசான காரியமா?

அந்த ஹவாய் நாட்களில் நடந்த இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், இது கீனுடையது. ஒரு கைதி பீத்தோவனின் மூன்றாவது சிம்ஃபனியைக் கேட்க வேண்டும் என்றான். கீன் ஒரு கிராமஃபோனைத் தூக்கிக்கொண்டு போனார். எதிரொலி நன்றாக இருக்கும் என்று குளியலறையைத் தேர்ந்தெடுத்தார்கள். விசாரிப்பவரும் கைதிகளும் ஒன்றாக உட்கார்ந்து இசை கேட்டார்கள். குளியலறையில் பீத்தோவன். போரைப் பற்றி நான் படித்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

போர் முடிந்த உடனே இந்த மொழி அதிகாரிகள் ஆசியாவின் இடிபாடுகளுக்கு நடுவே ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் நீண்ட கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1975இல், கேரிதான் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். டோக்கியோவில் இருந்த கேரி, பேரரசரின் தம்பி இளவரசர் தகமட்சுவையே நேரில் சந்தித்துப் பேசியிருக்கிறார். பேரரசர் அரண்மனையை விட்டு வெளியே வந்து சாதாரண மக்களோடு பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஓர் இளம் லெஃப்டினன்ட், இளவரசரிடம்! 1946 பிப்ரவரியில் பேரரசர் ஊர் ஊராகப் போகத் தொடங்கியது உண்மை. இவர் சொன்னதால்தான் போனார் என்று நான் அளக்கப் போவதில்லை. அப்படிப் போகவேண்டும் என்று வேறு பலரும் விரும்பினார்கள்.

1947இல் ஆமர்ஸ்ட் கல்லூரியின் பிரதிநிதியாகக் கியோட்டோவில் தோஷிஷா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அந்தத் தொடர்பு பழையது. நீஜிமா ஜோ என்ற இளைஞர் 1864இல், நாட்டை விட்டு வெளியேறினால் மரண தண்டனை என்றிருந்த காலத்தில், திருட்டுத்தனமாகக் கப்பலேறி அமெரிக்கா போனார். ஆமர்ஸ்டில் படித்து 1870இல் பட்டம் வாங்கித் திரும்பி, 1875இல் தொடங்கியதுதான் தோஷிஷா. அங்கே கேரி மாணவர்களோடு விடுதியில் வாழ்ந்தார், பல பத்தாண்டுகள் அமெரிக்காவைப் பற்றிப் பாடம் நடத்தினார்.

ஆனால் நான் இன்று அவரைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் கியோட்டோ நகரம்தான்.

அமெரிக்கக் குண்டுகள் ஜப்பானின் பெரிய நகரங்களை எல்லாம் எரித்தன. கியோட்டோவில் சிறிய அளவில்தான் விழுந்தன. கோயில்கள் அப்படியே நின்றன. ஏன் தப்பியது? போர் முடிந்ததும் ஓர் அழகான கதை பரவியது. லாங்டன் வார்னர் என்ற அமெரிக்கக் கலை அறிஞர், 'இந்த நகரங்களைத் தொடாதீர்கள்' என்று தன் அரசிடம் மன்றாடிக் காப்பாற்றினாராம். வார்னர் தானே மறுத்தார். மறுக்க மறுக்க, 'எவ்வளவு அடக்கம் பாருங்கள்' என்று கதை இன்னும் வளர்ந்தது. நம்மூரிலும் இப்படி நடப்பது உண்டுதானே!

கேரி ஆவணங்களைத் தேடிப் போனார். 1970களில் கட்டுரையாக எழுதினார். அதில் வந்தது வேறு கதை. 1945 மே மாதம் அணுகுண்டுக்கு இலக்குகளைத் தேர்ந்தெடுத்த குழுவின் பட்டியலில் முதல் வரிசையில் இருந்த பெயர் கியோட்டோ. அணுகுண்டுக்கென்று குறித்து வைத்த நகரங்களை மற்ற விமானத் தாக்குதல்களிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள், சேதம் எவ்வளவு என்று துல்லியமாக அளக்க வேண்டும் என்பதற்காக. அதாவது, கடைசி மாதங்களில் அந்த நகரம் எரியாமல் இருந்ததற்கு ஒரு காரணம், அதைவிடப் பெரிய நெருப்புக்கு அதை எடுத்து வைத்திருந்தார்கள் என்பது.

பட்டியலிலிருந்து அதை நீக்கியவர் போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன். 1920களில் கியோட்டோவுக்குப் போய்வந்தவர். ராணுவத் தரப்பு விடவில்லை. 1945 ஜூலை 21 அன்று, நேச நாட்டுத் தலைவர்களின் மாநாட்டுக்காக ஜெர்மனியின் போட்ஸ்டாமில் இருந்த ஸ்டிம்சனுக்கு வாஷிங்டனிலிருந்து ஒரு தந்தி வருகிறது, ராணுவ ஆலோசகர்கள் உங்கள் 'செல்ல நகரத்தையே' விரும்புகிறார்கள் என்று. ஸ்டிம்சன் மறுத்தார், அதிபர் ட்ரூமனும் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டார். ஸ்டிம்சன் தன் நாட்குறிப்பில் எழுதிய காரணமும் கோயில் அழகு மட்டும் இல்லை. அந்த நகரத்தை அழித்தால் ஜப்பானியர்கள் நம்மோடு சமாதானமாக மாட்டார்கள், ரஷ்யாவின் பக்கம் சாய்வார்கள் என்ற கணக்கும் இருந்தது. பட்டியலில் பிறகு சேர்ந்த பெயர் நாகசாகி.

கேரியின் இடத்தில் நம்மை வைத்துப் பாருங்கள். அமெரிக்கர். முன்னாள் கடற்படை அதிகாரி. மிஷனரி வீட்டுப் பிள்ளை. வார்னர் கதை அவருடைய நாட்டுக்கு நல்ல பெயர் தருகிற கதை. கியோட்டோ மக்களும் அதை விரும்பி நம்பினார்கள். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முகாமில் அந்தக் கைதிகளிடம், உங்கள் ராணுவம் சொன்னதை அப்படியே நம்பாதீர்கள் என்று பேசியவர் அவர். அதே அளவுகோலைத் தன் பக்கத்துக் கதைக்கும் வைத்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அவர் 2006இல் கலிஃபோர்னியாவில் காலமானார்.

கேரியின் கட்டுரை வந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, 1987இல், அதே கதை சொல்லப்பட்ட இன்னொரு பழைய நகரமான கமகுராவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வார்னருக்கு ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள்.

நன்றி, வணக்கம்.