பஜ்ஜி மடிக்கிற பேப்பரா அது?

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். பத்திரிகைக்காரரா இருந்து பிரான்சோட பிரதமரான கிளெமான்சோ பேர் நிக்கிறது பேனாவாலயா பதவியாலயா? இதுதான் தலைப்பு, நான் பேனா கட்சி.

எதிரணி அண்ணன் இப்பதான் சொன்னாரு, "பிரதமரா இருந்து போரை ஜெயிச்சாரு, பத்திரிகையில எழுதுனதெல்லாம் மறுநாளே பஜ்ஜி மடிக்கப் போயிடுச்சு"ன்னு. கைதட்டலும் வாங்கிட்டாரு. அண்ணே, பஜ்ஜிக்கே வர்றேன்.

1914, முதல் உலகப் போர் ஆரம்பிச்சு ரெண்டு மாசம்கூட ஆகல. மனுசனுக்கு 73 வயசு, சொந்தப் பத்திரிகை, பேரு 'சுதந்திர மனிதன்'. அடிபட்ட சிப்பாய்ங்களை குதிரை ஏத்துன அழுக்கு வேகன்ல கொண்டு வர்றாங்க, டெட்டனஸ் வந்து சாகுறாங்கன்னு எழுதிட்டாரு, டாக்டருக்குப் படிச்சவரு வேற. கவர்மெண்டு என்ன பண்ணுச்சு? வேகனைக் கழுவுச்சா? பத்திரிகையை நிறுத்துச்சு! இவரு விட்டாரா, பேரை மாத்தி மறுபடி கொண்டாந்தாரு. என்ன பேரு? 'சங்கிலி மாட்டுன மனிதன்'!

யோசிச்சுப் பாருங்க, நேத்து வரைக்கும் கடையில போயி "சுதந்திர மனிதன் ஒண்ணு குடுப்பா"ன்னு கேட்டவன் இன்னிக்கு "சங்கிலி மாட்டுனவன் ஒண்ணு குடுப்பா"ங்கணும். உள்ள ஒரு வரி படிக்க வேணாம், காசு நீட்டும்போதே சென்சார் மானம் போகுது! அந்தப் பேப்பர்ல பஜ்ஜி மடிச்சா பஜ்ஜியே கோஷம் போடும்ணே!

1898ல துரோகின்னு பழி விழுந்த ட்ரைஃபஸ்ங்கற அப்பாவி ராணுவ அதிகாரிக்காக எழுத்தாளர் எமில் ஜோலா எழுதுன கடிதத்துக்கு 'நான் குற்றம் சாட்டுகிறேன்'னு தலைப்பு வச்சது நம்ம கிளெமான்சோதான், அப்ப அவருக்கு என்ன பதவி? 1893ல தோத்து, எம்பி சீட்டுகூட இல்லாத ஆளு!

"1917ல பிரதமரானதும் அவரும் சென்சாரை வச்சிருந்தாரே"ம்பாரு அண்ணன். ஆமா, வச்சிருந்தாரு. யாரு வச்சது? பேனாவா, நாற்காலியா? நன்றிண்ணே, எனக்குத்தான் பாயிண்ட்டு.

மணி அடிக்காதீங்க ஐயா, ஒரே ஒரு நிமிஷம்.

1918 ஜூலை, ஷாம்பெய்ன் போர்முனை. பதுங்குகுழியில நின்ன பசங்க, மண்ணு படிஞ்ச காட்டுப்பூவை ஒரு கொத்தாக் கட்டி இந்தக் கிழவன் கையில குடுத்தாங்க. செத்தா என்கூட வைங்கன்னு பத்திரப்படுத்திட்டாரு. 1920ல ஜனாதிபதி பதவிக்கு எம்பிங்க வேற ஆளைப் பாத்துக்கிட்டாங்க. 1929 நவம்பர்ல பெட்டியை மூடுறப்ப கூடப் போனது எது தெரியுமா? காஞ்சு சருகாப் போன அந்தப் பூங்கொத்து. அதைக் கட்டுன பசங்கள்ல எத்தனை பேரு வீடு திரும்புனான்... அந்தக் குதிரை வேகன்ல எத்தனை பேரு போனான்...

உக்காந்துக்கறேன் ஐயா.