செனித் காபரேட்டர் மூடி வளைஞ்சு போச்சா? சிலிக்கன் பூசாதீங்க!

வணக்கம் மக்களே, தலவாக்கலையில இருந்து. பின்னால வெறும் பனிமூட்டந்தான், அத விடுங்க, இதப் பாருங்க. நம்ம கெழவியோட காபரேட்டர், பெட்ரோலயும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்குற சாமான். புதுசா வர்றவங்களுக்கு மட்டும் சொல்றேன்: கெழவின்னா தோட்டத்துல ஓடுன லேண்ட் ரோவர் வன்-நாட்-நைன் பிக்கப், 2286 சிசி பெட்ரோல் எஞ்சின்.

கொஞ்ச நாளா ஐட்லிங்ல, அதான் எக்ஸலேட்டர மிதிக்காம சும்மா ஓட விடுறப்ப, நிக்கவே மாட்டேங்குறா. கறுப்புப் புகை வேற. ஐட்லிங் ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு அசைவும் இல்ல. டவுன்ல கேட்டா, "மலைக்காத்துக்கு அப்படித்தான் தம்பி." எனக்கு இந்தப் பேச்சே புடிக்காது! காத்து லேசுதான், இல்லன்னு சொல்லல. பக்கத்துல நுவரெலியா 1868 மீட்டர் உசரம், அங்க கடக்கரைய விட காத்தழுத்தம் அஞ்சுல ஒரு பங்கு கொறைவு, கலவையில பெட்ரோல் தூக்கலாத்தான் இருக்கும். ஆனா கெழவி காலம்பூரா இங்கதானே ஓடுறா? மலை என்ன போன மாசமா வளந்துச்சு?

கழட்டிப் பாத்தா மூடியச் சுத்தி சிலிக்கன், அந்த சந்து அடைக்கிற பசை! பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், எனக்கும் அதுக்கும் ஆகாது. பெட்ரோல் பட்டா ஊறி உப்பிப் பிஞ்சு, பிசிறு நேரா ஜெட்டுக்குள்ள, அதான் பெட்ரோல் வர்ற குட்டி ஓட்டைக்குள்ள போயிரும்.

இது செனித் 36 ஐவி. இந்த எஞ்சின்ல முன்னாடி இருந்த சோலெக்ஸ் காபரேட்டருக்குப் பொறகு வந்தது. அருமையான சாமான், ஒரே ஒரு வியாதி. மூடிய இறுக்கி இறுக்கி அந்த அலோய் வளைஞ்சிரும். மூடிக்கும், அதுக்குக் கீழ பெட்ரோலும் காத்தும் கலக்குற எமல்ஷன் பிளாக்குக்கும் நடுவுல சந்து விழும். அந்தச் சந்து வழியா பெட்ரோல் இஷ்டத்துக்கு உறிஞ்சிப் போகும். அதுக்கப்புறம் நடுவுல வைக்கிற கடதாசி அடைப்பு, அந்த கேஸ்கட்ட எத்தன புதுசாப் போட்டாலும் காசுக்குத்தான் கேடு.

காசுன்னதும் ஞாபகம் வருது. கேஸ்கட் கிட் 4,500 ரூவா! நாலஞ்சு கடதாசித் துண்டு, ரெண்டு வொஷர். அண்ணே கொஞ்சம் கொறைங்கன்னா, டொலர் வெலைய எனக்குப் பாடம் எடுக்குறாரு. கடைசியில 4,400. நூறு ரூவாய்க்கு ஒரு பிளேன்டீயாவது ஆச்சு.

ஆனா வேலைய முடிச்சது அந்தக் கிட் இல்ல. இந்தா, பழைய படச் சட்டத்துக் கண்ணாடி! நல்லாத் தட்டையா இருக்கும். இதுக்கு மேல 400 நம்பர் வோட்டர் பேப்பர் (ஈரத்துல தேய்க்கிற உப்புத்தாள்), கொஞ்சம் மண்ணெண்ண. மூடியோட முகத்துல மார்க்கரால கோடு கிழிச்சு, எட்டு போடுற மாதிரி மெதுவாத் தேய்ங்க. நடுவுல கோடு அழியாம நின்னா அங்க இன்னும் பள்ளம். எல்லாக் கோடும் ஒண்ணா மறையிற வரைக்கும் விடாதீங்க. பிளாக்கோட முகத்தையும் இப்பிடியே.

ஐயோ, முக்கியமானத விட்டுட்டேன். தேய்க்க முன்னாடியே மிதவை, ஊசி வால்வு எல்லாத்தையும் கழட்டிருங்க. அப்புறம் மூடிக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற அந்தக் குட்டி ரப்பர் வளையம், ஓ-ரிங்! காஞ்சு சப்பையாப் போயிருந்தா பழசையே திரும்பப் போடாதீங்க, தேய்ச்சதெல்லாம் வீண். பூட்டும்போது ஸ்க்ரூவ மூலைக்கு மூலை மாத்தி மாத்தி, கை இறுக்கத்துக்கு மேல ஒரு பொட்டுத்தான்.

இப்பக் கேளுங்க... ஸ்க்ரூவ கால் சுத்து திருப்புறேன்... கேட்டுச்சா? எறங்குறா! திருப்பி விட்டா ஏறுறா! சொன்ன பேச்சுக் கேக்குறா மக்களே!

மேனிபோல்ட் (கலவைய எஞ்சினுக்குள்ள கொண்டு போற குழாய்) பக்கம் லேசா உஸ்ஸுங்குது. ஓடுறப்பவே அந்த இடத்துல தண்ணி தெளிச்சுப் பாக்கணும், சத்தம் மாறினா அந்த கேஸ்கட்டும் போச்சு. அது அடுத்த வீடியோவுல. கடைக்காரர் என்ன வெல சொல்றாருன்னு பாப்போம்.