கணக்கை வாசிச்சுக் காட்டுங்க சார்

நேயர்களுக்கு வணக்கம். ஊர்ப் பள்ளியின் நிர்வாகம், நிதி, பிள்ளைகளின் படிப்பு ஆகிய மூன்றையும் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தில் கேட்டுக்கொண்டார்கள். கால்மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பறையில் முக்கால் மணி நேரம் பேசிப் பழகிய வாய் இது. போதாததற்கு இங்கே கரும்பலகையும் கிடையாது. அதனால் கூடுமானவரை கணக்குகளைக் குறைத்துக்கொள்கிறேன். சொல்கிற ஒன்றிரண்டையும் நீங்கள் மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியின் பெயர் வேண்டாம். நான் சொல்லப் போகிற தப்பெல்லாம் என்னுடைய தப்பு, பள்ளி பாவம் என்ன செய்யும்?

முதலில் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்குவோம். 'ஊராட்சி ஒன்றியப் பள்ளி' என்று எழுதியிருக்கிறதே, அது யாருடைய பள்ளி? ஒன்றியத்துடையது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே வேலை செய்கிற ஆசிரியர்கள் 1981-லேயே அரசு ஊழியர்களாகிவிட்டார்கள். சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. கட்டடம் ஒழுகினால் ஒன்றிய அலுவலகத்தில் பிடிஓவை, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்க்க வேண்டும். மதியச் சாப்பாடு சமூகநலத் துறையின் பொறுப்பு. சுண்ணாம்பு அடிக்க, குழாய் மாற்ற, பினாயில் வாங்க என்று வருகிற சில்லறைப் பணம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வருகிறது. அதில் நூற்றுக்கு அறுபது மத்திய அரசு, நாற்பது மாநில அரசு. ஒரே காம்பவுண்டுக்குள் இத்தனை முதலாளிகள். சத்துணவுக் கூடத்தின் ஓடு உடைந்தால் எந்த அலுவலகத்துக்கு மனு எழுதுவது என்று நானே ஒரு முறை குழம்பி, மூன்று இடத்துக்கு எழுதி, மூன்று இடத்திலிருந்தும் 'உரிய அலுவலரை அணுகவும்' என்று பதில் வாங்கியவன்.

சரி, இத்தனை பேருக்கு நடுவில் ஊர்க்காரருக்கு என்ன இடம்? சட்டப்படி ஓர் இடம் இருக்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றைச் சொல்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் போடுவதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களை ஊர் கூட்டி, புதிதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது இருபது பேர் குழு, தலைவர் ஒரு பெற்றோர். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுகிறவர், அவ்வளவுதான். திரும்பச் சொல்கிறேன், தலைமையாசிரியர் அந்தக் குழுவின் தலைவர் இல்லை. இதைப் பல பெற்றோர் இன்னும் நம்ப மறுக்கிறார்கள். பல தலைமையாசிரியர்களும்தான்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

குழு காகிதத்தில் மட்டும் இருந்த ஆண்டுகளில் கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? நடக்காது. தீர்மானப் புத்தகம் நடக்கும், அதுவும் பிள்ளைகளின் கையில். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "இதைக் கொண்டுபோய் உங்க அம்மாகிட்ட, எதிர்வீட்டு அக்காகிட்ட, கோயில் தெரு அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்று அனுப்புவேன். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு கையெழுத்து, மூன்று கைநாட்டு வந்துவிடும். மேலே காலியாக விட்ட இடத்தில் 'கூட்டம் சிறப்பாக நடைபெற்றது' என்று நானே எழுதிக்கொள்வேன். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பணத்தில் ஒரு காசு தொட்டதில்லை. வேலை நெருக்கடி, யாரும் வரப் போவதில்லை என்ற எண்ணம், வந்தாலும் என்ன கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம். இந்த மூன்றில் கடைசியைத்தான் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் பையன் போன வேகத்தில் திரும்பி வந்தான். பின்னாலேயே அவன் அம்மா. இடுப்பில் புத்தகம், அதாவது என் தீர்மானப் புத்தகம். நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், காலில் சேறு காயவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்: "என்ன எழுதப் போறீங்கன்னு தெரியாம எப்படி சார் கையெழுத்துப் போடறது?"

நான் சிரித்து மழுப்பினேன். "சும்மா வழக்கமானதுதாம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப போன மாசக் கணக்கை வாசிச்சுக் காட்டுங்க சார்" என்றார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு ஆண்டு சர்வீஸில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. ரொக்கப் பதிவேட்டை எடுத்து வாசித்தேன். சுண்ணாம்பு இவ்வளவு, சாக்பீஸ் இவ்வளவு, குழாய் நான்கு, பொருத்துகூலி இவ்வளவு என்று போனேன். குழாய் நான்கு என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார். வெளியே எட்டிப் பார்த்தார். "மூணுதானே சார் மாட்டியிருக்கு?"

எண்ணிப் பார்த்திருக்கிறார்! அந்தக் குழாயடியைத் தினமும் நான் கடந்து போகிறேன், நான் எண்ணியதில்லை.

நாலாவது குழாய் எங்கே என்று யோசித்து யோசித்து, கடைசியில் பீரோவின் கீழ்த்தட்டில் கண்டுபிடித்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பிளம்பர் மூன்றை மாட்டிவிட்டு, நாலாவது இடத்தில் மரை சரியில்லை, நாளை வருகிறேன் என்று போனவர் போனவர்தான். திருட்டு இல்லை, ஊழல் இல்லை. ஆனால் பிள்ளைகள் ஒரு குழாய் குறைவாக வரிசையில் நின்றார்கள். அதற்கான பணம் செலவாகிவிட்டதாக என் புத்தகம் சொன்னது. அடுத்த வாரமே மாட்டினோம், அது வேறு கதை.

"கணக்கெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். மகளிர் குழுவில் என்றார். "கணக்கு முடியாம நாங்க பாயைச் சுருட்ட மாட்டோம் சார். பத்து ரூபா உதைச்சாலும் ராத்திரி ஒன்பது மணி ஆனாலும் உக்காந்து பார்ப்போம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி, இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. சேமிப்பு, கடன், வட்டி, தீர்மானம் எல்லாம் சத்தமாக வாசித்து, எல்லோரும் தலையாட்டிய பிறகே கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கூட காதால் கணக்குப் பார்க்கிறார். அதே பெண்கள்தான் பள்ளிக்கூட வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கணக்குப் பார்க்கத் தெரியாமல் நிற்கவில்லை. நாம் வாசிப்பதில்லை, அவ்வளவுதான். இதை நான் போகிற இடத்திலெல்லாம் சொல்லி, வீட்டில்கூட 'குழாய்க் கதை ஆரம்பிச்சாச்சா' என்று கேலி செய்கிறார்கள்.

பழைய பள்ளிகளில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மணி, பீரோ, கடிகாரம், எதை எடுத்தாலும் 'உபயம்' என்று ஒரு பெயர் இருக்கும். காமராசர் முதல்வராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்த காலத்தில், 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அப்போது மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயரை எழுதி வைக்கிற நல்ல பழக்கம் நமக்கு உண்டு. செலவழித்த கணக்கை எழுதி வைக்கிற பழக்கம்தான் சுவருக்கு வரவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். எவ்வளவு பணம்? மாநிலத்தின் 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய். கேட்டால் தலை சுற்றும். அதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது, போக வேண்டியதுதான். அந்தக் கோடியெல்லாம் வழிந்து வந்து என் பள்ளியின் கையில் நான் பார்த்தது எவ்வளவு? ஆண்டுக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம். நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனியே கொஞ்சம்.

அந்த 25,000 எப்படி வருகிறது என்று கேளுங்கள், இது சுவாரசியமானது. பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து வருகிறது. முப்பது பிள்ளை வரை பத்தாயிரம். முப்பத்தொன்று முதல் நூறு வரை இருபத்தைந்தாயிரம். அதற்கு மேல் 250 வரை ஐம்பதாயிரம். இப்போது மனக்கணக்குப் போடுங்கள். முப்பது பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் ஒரு பிள்ளை சேர்ந்தால் பள்ளிக்குப் பதினைந்தாயிரம் கூடுகிறது. அந்த ஒரு பிள்ளை அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டால் பதினைந்தாயிரம் குறைகிறது. சுவர் அதே சுவர், கூரை அதே கூரை, கழிப்பறை அதே கழிப்பறை. முப்பத்தொன்றாவது பிள்ளையை வீட்டுக்கே போய்த் தூக்கி வருகிற தலைமையாசிரியர்களை எனக்குத் தெரியும். பாசம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

என் பள்ளியில் 84 பிள்ளைகள். ஆளுக்கு ஆண்டுக்கு முந்நூறு ரூபாய்கூட வராது. மானியத்தில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்கு என்பது விதி, அதாவது 2,500. மாதத்துக்கு இருநூற்றுச் சொச்சம். 84 பிள்ளைகள் பயன்படுத்துகிற கழிப்பறைக்கு மாதம் இருநூறு ரூபாய் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும். இதை ஒரு கூட்டத்தில் நான் வாசித்தபோது பெற்றோர்கள் முதலில் நம்பவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: "நாங்க நீங்க லட்சக்கணக்குல வாங்குறீங்கன்னு நினைச்சோம் சார்." கணக்கை வாசிப்பதில் தலைமையாசிரியருக்கும் லாபம் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் கேட்காமலே இரண்டு பேர் வந்து பின்பக்கத்து முள்செடியை வெட்டிக் கொடுத்தார்கள்.

இந்தச் சில்லறையும் சில சமயம் நின்றுபோகும். 2024-25-ல் மத்திய அரசு தன் பங்காக 2,152 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டுக்குத் தரவில்லை. பிஎம் ஸ்ரீ என்கிற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம், அதில் கையெழுத்திட்டால் புதிய கல்விக் கொள்கையை ஏற்றதாகிவிடும் என்பது மாநிலத்தின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஆனால் என் கருத்தை ஒளிக்கவும் வேண்டாம்: கொள்கைச் சண்டையைப் பினாயில் காசில் காட்டக் கூடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதி வந்தேன், குழாயிலேயே நேரம் போய்விட்டது. வேகமாகச் சொல்கிறேன். 2025-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.8 விழுக்காடு. அடிப்படையில் என்ன நிலை? ஏசர் என்ற ஆய்வில் கிராமத்துப் பிள்ளைகளின் வீட்டுக்கே போய் ஒரு சின்னக் கதையை வாசிக்கச் சொல்கிறார்கள். 2022-ல் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்ததும் ஒரு காரணம், அதற்கு முன்பே 2018-லும் பத்துப் பேர்தான். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் பழக்குகிற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது, 2024-ல் கொஞ்சம் ஏறியது. தேர்ச்சி விழுக்காடு செய்தித்தாளில் வருகிறது, இது வருவதில்லை.

அதனால் கணக்கு வாசித்து முடித்ததும் என் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து அரைப் பக்கம் வாசிக்கச் சொல்லத் தொடங்கினோம். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. முதல் மாதம் வாசித்த பெண் திணறியபோது யாரும் பேசவில்லை. யார் குறை என்று எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கும்தான்.

ஒரு விரல் காட்டிவிட்டார்கள். இன்னொன்றும் சொல்ல இருந்தேன். இந்தக் கூட்டங்கள் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கின்றன. கூலிக்குப் போகிறவருக்கு அரை நாள் சம்பளம் போகிற நேரம் அது. சேற்றுக் காலோடு வந்த அந்த அம்மா மற்ற மாதங்களில் ஏன் வரவில்லை என்பதற்கும் அதுதான் காரணம். ராத்திரி ஏழு மணிக்கு வைக்கலாமா என்று நாங்கள் முயன்ற கதை இருக்கிறது, அதற்கு நேரம் இல்லை. வணக்கம்.