மூழ்கியவருக்கு முதலில் மூச்சு

[காட்சி: உப்புவெளிக் கடற்கரை, விடிகாலை. தூரத்தில் கரைவலை இழுக்கிறார்கள்.]

கடலில் மூழ்கிய ஒருவரைத் தூக்கி வந்து மணலில் கிடத்தியதும் நம்மூரில் என்ன செய்வார்கள்? வயிற்றை அமுக்குவார்கள். சின்னப் பிள்ளை என்றால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள். குடித்த தண்ணீர் வெளியே வந்தால் சரியாகிவிடும் என்ற நினைப்பு. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். வயிற்றில் இருப்பது தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதோடு நேரமும் போகும். மூச்சு நின்று நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பழுதாகத் தொடங்குகிறது.

இன்னொன்று. யாராவது தத்தளிப்பதைக் கண்டதும் குதிக்காதீர்கள். வெறும் மண்ணெண்ணெய்க் கான் ஒன்றை மூடி இறுக்கி, கயிறு கட்டி எறியுங்கள். பிடித்து மிதக்க அது போதும்.

[காட்சி: ஈரமணலில் பயிற்சிப் பொம்மை.]

கரைக்கு வந்தாயிற்று. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லையா? கூட்டத்தில் ஒருவரைக் கைகாட்டி, "தம்பி, நீ 1990க்குக் கோல் எடு" என்று சொல்லுங்கள். பொதுவாகக் கத்தினால் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 1990 என்பது இலங்கையின் சுவசரிய அம்புலன்ஸ் இலக்கம், அதற்குக் காசு கிடையாது.

காய்ந்த மணலில் கிடத்த வேண்டாம். அழுத்த அழுத்த உடம்பு மணலுக்குள் புதையும், நெஞ்சு அமுங்காது. அலை படாத இறுகிய ஈரமணல் நல்லது.

பத்து வினாடி மூச்சைப் பாருங்கள். இடையிடையே வாயைத் திறந்து இழுப்பது மூச்சல்ல, ஏமாந்துவிடாதீர்கள். மூச்சில்லை என்றால் தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை ஊதுங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு மேலெழும்ப வேண்டும். வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டிருக்காமல் ஊதுங்கள்.

[காட்சி: கைகள், மிக அருகில்.]

அப்புறம் நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மற்றக் கை. முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்றிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தி, முழுதாக விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வாய்விட்டு எண்ணுங்கள்: முப்பது அழுத்தல், இரண்டு மூச்சு, மீண்டும் முப்பது. விலா எலும்பு முறியுமோ என்று கை தளர வேண்டாம், முறிந்த எலும்பு பொருந்திவிடும். சிறுபிள்ளைக்கு ஒரு கை, நெஞ்சுத் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். இரண்டு நிமிடத்தில் ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழம் போகாது.

வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

[காட்சி: அம்புலன்ஸ் வந்து நிற்கிறது.]

அவர் எழுந்திருந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நுரையீரலில் நீர் பட்டவருக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலாம்.