சீட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக இருக்கும். பதினோராம் வகுப்பில் பிள்ளைக்கு அரசு கொடுத்தது. பிள்ளை இன்று வேலைக்குப் போய் பைக் வாங்கியிருக்கும். சைக்கிள் மட்டும் மாடிப்படிக்குக் கீழே, மேலே ஒரு சாக்கையும் பழைய பக்கெட்டையும் சுமந்துகொண்டு நிற்கும். நான் பேசப்போவது அந்த சைக்கிளைப் பற்றித்தான். புதிதாக எதையும் வாங்கச் சொல்லி வரவில்லை, பயப்படாதீர்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். புதுக்கோட்டைக்காரி சைக்கிள் பேச்சை எடுத்தால் 1992-க்குப் போகாமல் இருக்க மாட்டாள். நானும் ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடுகிறேன்.

அப்போது எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிளும் பழக்க வேண்டும் என்பதில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா உறுதியாக இருந்தார். சாயங்காலமானால் பள்ளிக்கூட மைதானம், கோயில் பொட்டல், களத்துமேடு எங்கு பார்த்தாலும் பெண்கள். கல்குவாரியில் உடைக்கிறவர்கள், அங்கன்வாடிக்காரர்கள், எங்களைப் போன்ற நர்சுகள். லேடீஸ் சைக்கிள் அவ்வளவு பேருக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிள்தான். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அப்புறம் அதையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு.

எனக்குக் கற்றுக்கொடுத்தது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஏறச் சொல்லிக்கொடுத்தாள், பெடல் போடச் சொல்லிக்கொடுத்தாள், இறங்குவதை மட்டும் நாளைக்கு என்று வைத்துவிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் பாட்டுக்கு மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் பழகி முடித்து வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். "டீச்சர், எப்படி இறங்குறது?" என்று அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்துக் கத்துகிறேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த வைக்கோல் போர்ல விடுங்கக்கா" என்றாள். விட்டேன். முடியிலிருந்து வைக்கோலை எடுக்க என் மாமியாருக்கு அரை மணி நேரம் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு புதன்கிழமை தடுப்பூசி நாளில் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்ததில்லை. ஊசிப் பெட்டியைக் கேரியரில் கட்டினால் துணை சுகாதார நிலையத்திலிருந்து நாலு குக்கிராமம் போய்வந்துவிடுவேன்.

சரி, ஊர்க்கதை போதும். பிறகு எல்லாருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது. மொபெட் வந்தது, ஸ்கூட்டர் வந்தது, சைக்கிள் போனது. ஓய்வு பெற்ற பிறகு மருத்துவர், "நடங்கள், இல்லையென்றால் சைக்கிளாவது ஓட்டுங்கள்" என்றார். பழகியதுதானே என்று ஏறினேன்.

சைக்கிள் ஒரு தரம் வந்துவிட்டால் மறக்காது என்பார்கள். பாதிதான் உண்மை. விழாமல் ஓட்டுவது மறக்காது. கழுத்து மறந்துவிடும், அதை யாரும் சொல்வதில்லை. ஸ்கூட்டரில் கண்ணாடி பார்த்தே பழகியதால், பின்னால் வருகிற டிப்பர் லாரியைத் திரும்பிப் பார்த்தால் கழுத்தோடு தோளும், தோளோடு ஹேண்டில் பாரும் திரும்பி வண்டி நடுரோட்டுக்குப் போய்விடுகிறது. அதனால் பல வருடம் கழித்து ஏறுகிறவர்கள் முதல் வாரம் ரோட்டுக்கே போக வேண்டாம். ஒரு மைதானத்தில் நேராக ஓட்டிக்கொண்டே வலது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துப் பழகுங்கள். வண்டி கோணாமல் பார்க்க வந்துவிட்டால் ரோட்டுக்கு வரலாம்.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். முட்டி.

"சைக்கிள் ஓட்டினேன், முட்டி வலித்தது, விட்டுவிட்டேன்." இதை எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? நான் அவர்களிடம் முட்டியைக் காட்டச் சொல்வதில்லை, சைக்கிளைக் காட்டச் சொல்வேன். பத்துக்கு எட்டு வண்டியில் சீட்டு பள்ளத்தில் கிடக்கும். நம் ஊரில் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று ஒரு நினைப்பு. அப்படி உட்கார்ந்து பெடல் போட்டால் கால் ஒருபோதும் நீளாது. முழங்கால் மடங்கியபடியே பாரத்தைத் தள்ளுகிறது. முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்தபடியே நடந்து பாருங்கள், அதே கதைதான்.

எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்க்க டேப் எல்லாம் வேண்டாம். சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அதில் குதிகாலை வையுங்கள். குதிகாலை. கால் நேராக நீண்டிருக்க வேண்டும், ஆனால் எட்டுவதற்காக இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால்தானே மிதிப்போம், அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அது போதும். நிறுத்தும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும், அவ்வளவுதான். பயமாக இருந்தால் ஒரே நாளில் ஏற்றாதீர்கள், வாரம் ஒரு விரல்கடை ஏற்றுங்கள்.

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தம்பிக்கும் எனக்கும் இதில் தீராத வழக்கு. பஞ்சருக்கு விட்டாலும் சரி, வீல் கோட்டம் எடுக்க விட்டாலும் சரி, வண்டி திரும்பி வரும்போது சீட்டு கீழே இறங்கியிருக்கும். "அக்கா, கால் எட்டாது, விழுந்துடுவீங்க" என்பான். பாசம்தான், மறுக்கவில்லை. நான் கடை வாசலிலேயே ஸ்பேனரை வாங்கி ஏற்றிக்கொள்வேன். கடைசியில் சீட்டுக் குழாயில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிட்டேன். இப்போது அவனே மற்றவர்கள் வண்டிக்கும் கோடு போட்டுத் தருகிறான், ஆனால் அவன் போடுகிற கோடு எல்லாமே கொஞ்சம் கீழே!

கடைப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வருஷக்கணக்கில் நின்ற வண்டியைக் காற்றடித்து அப்படியே எடுக்காதீர்கள். டயர் பக்கவாட்டில் வெடித்திருக்கும், பிரேக் கட்டை கல்லாகியிருக்கும். ஒரு தடவை ஓவராயில் பண்ணச் சொல்லுங்கள். பால்ரஸ், கிரீஸ், செயின், பிரேக், டியூப் எல்லாம் பார்த்துவிடுவார்கள். கியர் வைத்த சைக்கிள் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொன்னால் படம் போட்டு விளக்க வேண்டும், வானொலியில் முடியாது. சமதரை ஊரில் இருப்பவர்களுக்கு அது இல்லாமலே ஓடும்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியாவது வேண்டும் என்கிறது. வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம். மிதமான என்றால் என்ன? ஓட்டிக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் மிதியுங்கள். பேச்சே வராவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆரம்பித்தால் போதும். உட்காருமிடம் முதலில் வலிக்கத்தான் செய்யும், அது போய்விடும். மரத்துப்போனால் மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள், சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, காற்று. ஆடி மாதம் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து வாரியடிக்கும். நான் காலையில் அன்னவாசல் ரோட்டில்தான் போவேன், தைல மரக் காடு வரைக்கும். போகும்போது எதிர்காற்று, வரும்போது அதுவே முதுகைத் தள்ளும். இதை மாற்றிச் செய்தால், போகும்போது ஆஹா என்று போய்விட்டு வரும்போது பாதி வழியில் உருட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு நிமிடம் என்று விரலைக் காட்டுகிறார்கள். சர்க்கரை நோயைப் பற்றி நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், வேகமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வந்த ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது, ஆகவே கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு இது வேண்டும். தொடைத் தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, நல்லதுதான். ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. சட்டைப்பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். கை நடுங்கினால், வியர்த்துக் கொட்டினால் உடனே இறங்கி வாயில் போடுங்கள், வீடு பக்கம்தானே என்று மிதிக்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்போடு ஓட்டாதீர்கள், ஷூ போடுங்கள், வந்ததும் பாதத்தைப் பாருங்கள். நெஞ்சுவலி வந்தவர்கள், கண்ணின் விழித்திரையில் பாதிப்பு இருப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். எலும்பு வலுவிழப்பதைத் தடுக்க சைக்கிள் பெரிதாக உதவாது, நடையும் சேர வேண்டும். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள், செயின் கவர் இல்லாத வண்டியில் புடவை வேண்டாம். ஹெல்மெட்டைப் பற்றியும் பின்விளக்கைப் பற்றியும் சொல்ல நேரமில்லை, இரண்டும் வேண்டும். வணக்கம்.